மாயக்கதைக்கு முன்கதை வேண்டுமா?

(இதமான மாய நாவல்களில் கதைமாந்தரின் முன்கதை பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொடர்கதைகள் வார இதழ்களை ஆண்ட காலத்தில் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். போன வாரம் இதழை வாங்காமல் விட்டவர்கள் இந்த வாரம் கதையில் ஏறிக்கொள்ள நாலு வரி. இன்றைய தலைப்பும் அந்த நாலு வரியைப் பற்றியதுதான். கதைக்குள் நுழைவதற்கு முன்னால் ஒருவர் எங்கே இருந்தார், என்ன பட்டார், யாரை இழந்தார் என்பதை வாசகருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? அதிலும், இதமான மாய நாவல் என்று அண்மைக் காலத்தில் பெயர் எடுத்திருக்கும் வகையில் எவ்வளவு சொல்ல வேண்டும்?

மாயக்கதை என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஏழு கடல், ஏழு மலை, உலகத்தை விழுங்க வரும் அரக்கன், அவனைக் கொல்லப் பிறந்த ராஜகுமாரன். இதமான மாய நாவலில் இவை எதுவும் இல்லை. மந்திரம் உண்டு, பேசும் பூனை உண்டு, குட்டிப் பூதம்கூட உண்டு. ஆனால் கதையின் கேள்வி சின்னது. கடை ஓடுமா? புதிதாக வந்தவளை ஊர் ஏற்றுக்கொள்ளுமா? பக்கத்து வீட்டுக் கிழவர் கோபம் தணிந்து பேசுவாரா? அவ்வளவுதான்.

ஜப்பானிய எழுத்தாளர் எய்கோ கடோனோ 1985இல் எழுதிய கிக்கி என்ற சூனியக்காரச் சிறுமியின் கதையை இந்த வகைக்கு மூத்த அக்காள் என்று சொல்லலாம். 13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும் அந்தப் பெண், துடைப்பத்தில் பறந்து ஊராருக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள். 1989இல் ஹயாவோ மியாசாகி அதைச் சித்திரப் படமாக எடுத்தார். 2022இல் அமெரிக்கரான டிராவிஸ் பால்ட்ரீ ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ என்ற நாவலை எழுதினார். விவ் என்ற அரக்கர் குலத்துப் போர்வீராங்கனை வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, காப்பி என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஊரில் காப்பிக் கடை போடுகிறாள். இதமான மாய நாவல் என்ற சொல் உலகெங்கும் பரவியதில் அந்தக் காப்பிக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளைக் காப்பிக்குப் பேர்போன ஈப்போக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பும் வரலாம், கொஞ்சம் உரிமையும் வரலாம்.

இரு தரப்பு நியாயம்

இந்த நாவல்களுக்கு முன்கதை தேவையில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. அவர்கள் சொல்வது இது: நாளெல்லாம் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் நின்று கால் வீங்கி வீடு திரும்புகிறவர், இரவில் அரை மணி நேரம் இளைப்பாறப் புத்தகம் எடுக்கிறார். அவரிடம் போய் ஒவ்வொரு பாத்திரத்தின் பழைய காயத்தையும் அவிழ்த்துக் காட்டினால் அது என்ன இளைப்பாறல்? 2020க்குப் பிறகு, நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் இந்த வகைக் கதைகளைத் தேடிப் போனதற்கும் காரணம் அதுதான். விருந்தாளியிடம் குலம் கோத்திரம் விசாரித்துவிட்டா தண்ணீர் கொடுக்கிறோம்?

எதிர்த் தரப்பின் நியாயமும் லேசானதல்ல. இந்தக் கதைகளில் எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், ஆனால் ஏன் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பது அவர்கள் குறை. கடைக்காரி சிரிக்கிறாள், ரொட்டிக்காரர் சிரிக்கிறார், பூதமும் சிரிக்கிறது. நேற்று என்ற ஒன்று இல்லாதவர்கள் இன்று சிரித்தால் அது காலண்டர் படத்துச் சிரிப்பு. பார்க்க அழகாக இருக்கும், கூடவே வராது.

வாசகர்கள் எந்தப் பக்கம் என்பதற்கு பால்ட்ரீயே ஒரு சாட்சி தருகிறார். முதல் நாவலில் விவ்வின் பழைய வாழ்க்கையைப் பற்றிச் சொன்னது கொஞ்சம். அடுத்த ஆண்டு, 2023இல், அவர் எழுதியது அவளுடைய பிற்காலத்தை அல்ல. 20 ஆண்டுகள் பின்னால் போய், காயம்பட்டு ஒரு கடலோர ஊரில் படுத்திருந்த இளவயது விவ்வின் கதையை எழுதினார். ‘புக்‌ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்’ என்பது அதன் பெயர். ஒரு பாத்திரத்தோடு நெருங்கியவர்களுக்கு ‘இவள் முன்பு யாராக இருந்தாள்?’ என்ற கேள்வி வரத்தான் செய்கிறது. அந்தக் கேள்வி வாசகருக்குள் முளைத்த பிறகு சொன்னதால் ஒரு முழுப் புத்தகம் சொன்னாலும் கேட்டார்கள். முதல் நாவலின் முதல் பத்துப் பக்கத்தில் அதையே சொல்லியிருந்தால் பாதிப் பேர் மூடி வைத்திருப்பார்கள்.

ஆளைக் காட்டுவது எது?

போர்க் கதையில் ஆளைக் காட்டுவது ஆபத்து. அரக்கன் வாசலுக்கு வந்துவிட்டான். ஒருவன் ஓடுகிறான், ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவர்களுடைய பிறந்த ஊர் தெரியாவிட்டாலும் அவர்கள் யார் என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிடுகிறது. கடைக் கதையில் அப்படி ஒரு கணம் வருவதில்லை. அங்கே ஆளைக் காட்டுவது பழக்கம். ஒருவர் சில்லறையை ஏன் இரண்டு முறை எண்ணுகிறார், ஒருத்தி ஏன் எப்போதும் கதவைப் பார்த்த மாதிரியே உட்காருகிறாள், இன்னொருவர் ஏன் சோற்றுப் பருக்கை ஒன்றையும் தட்டில் விடுவதில்லை. பழக்கத்துக்கு வேர் கடந்த காலத்தில் இருக்கிறது. ஆகவே, ஆபத்து குறையக் குறைய முன்கதையின் சுமை கூடுகிறது.

சின்னப் பிரச்சினையைச் சின்னது என்று சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவரின் கணக்கு. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். பத்து வெள்ளி பெரிய தொகையா? பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வேலை போனால் லயத்து வீடும் போகும் என்றிருந்த காலம் அது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தகர டப்பாவில் வெள்ளி நோட்டை மடித்து வைக்கும் ஒரு பெண்ணின் கை கதையில் ஒரு போருக்குச் சமம். முன்கதைதான் சின்னதைப் பெரிதாக்குகிறது. தாமானில் ஒரு வீட்டு வாசலில் கறிவேப்பிலைக் கன்று பிழைக்குமா என்பது கேட்கச் சாதாரணக் கேள்வி. நட்டவர் இதுவரை சொந்த மண்ணில் ஒரு செடியும் நட்டதில்லை என்று தெரிந்தால் அதற்காக ஒரு நாவல் முழுவதும் காத்திருக்கலாம்.

ஆதிரையின் கைச்சோறு

இந்த வித்தை தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் காப்பியமும் இதமான கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துறவும் சிறையும் உயிரிழப்பும் அதில் உண்டு. ஆனால் அதன் நடுவில் இருக்கும் மாயப் பொருள் என்ன? வாளோ வஜ்ராயுதமோ இல்லை, ஒரு சோற்றுப் பாத்திரம். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. அதை வைத்து மணிமேகலை செய்வது பசித்தவருக்குச் சோறு போடுவது.

அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. மதுரையில் ஆபுத்திரனுக்குக் கிடைத்து, மழை பெய்து நாடு செழித்ததும் சோறு கேட்க ஆளில்லாமல் போய், அவன் மணிபல்லவத்துப் பொய்கையில் விட்ட பாத்திரம் அது. இதை சாத்தனார் காப்பியத்தின் தொடக்கத்தில் சொல்வதில்லை. பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்த பிறகு, அறவண அடிகள் வாயால் சொல்ல வைக்கிறார். கையில் பாத்திரம் இருக்கும்போதுதானே ‘இது யாருடையது?’ என்ற கேள்வி வரும்?

அடுத்தது இன்னும் நுட்பம். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இடுபவள் ஆதிரை. புகாரில் எத்தனையோ வீடு இருக்க ஏன் ஆதிரை? கணவன் சாதுவன் கணிகையிடம் பொருளை இழந்து, கடலோடிப் போய், இறந்தான் என்று சேதி வந்து, அவள் தீயில் இறங்க, தீயும் அவளைச் சுடாமல் விட்ட கதை அங்கேதான் சொல்லப்படுகிறது. அவள் சோறு இடப் போகிறாள் என்பதற்கு முந்திய நொடியில். அதைக் கேட்டபின் அந்த ஒரு பிடி சோற்றின் எடை வேறு.

காயசண்டிகைக்கு வந்தால் வரிசை தலைகீழ். எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பெரும்பசியோடு அவள் முதலிலிருந்தே கண்முன் நிற்கிறாள். மணிமேகலை இட்ட சோற்றில் பசி தீர்ந்த பிறகுதான், முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைத் தெரியாமல் காலால் சிதைத்துச் சாபம் பெற்ற கதையைத் தன் வாயால் சொல்கிறாள். பசித்தவளிடம் முதலில் கதை கேட்கவில்லை. சோறு போட்டார்கள், பிறகு அவளே சொன்னாள். இதமான கதை எழுத வருகிற எவரும் இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கூத்திலும் இதற்கொரு வழி உண்டு. திரைக்குப் பின்னால் வேடக்காரர் நிற்பார்; ‘வந்திருப்பது யார்?’ என்று கட்டியங்காரன் கேட்பான். அவர் தன் நாடு, குலம், வீரம் எல்லாவற்றையும் ஒரு பாட்டில் பாடிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு சபைக்கு வருவார். கேள்வி முதலில், முன்கதை பிறகு. அதுவும் ஒரு பாட்டு நேரத்துக்குள்.

தெரிந்த சபை, தெரியாத சபை

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கூத்தில் ஒரு பாட்டு போதும், ஏனென்றால் சபையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் பாரதம் தெரியும். எவ்வளவு முன்கதை வேண்டும் என்பதை எழுதுகிறவர் மட்டும் முடிவு செய்வதில்லை. கேட்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது.

பேரா மாநிலத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. ரப்பர் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அன்று நட்டவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் முதிய மரத்தை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். அதன் பிறகு மூன்று தலைமுறை, நான்கு தலைமுறைத் தமிழர்கள் அந்த மரத்தின் கீழேதான் பிறந்து வளர்ந்தார்கள். பெரட்டுக் களம், நிரை, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை, கிராணியார், மண்டோர் என்ற சொற்களைச் சொன்னால் போதும். கேட்டவர் கண்ணில் ஒரு முழு ஊர் எழுந்து நிற்கும். தோட்டத்துக் கதை எழுதியவர்களுக்கு அந்தச் சபை இருந்தது. விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடாகிவிட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சனங்கள் ஈப்போவுக்கும் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். அங்கே பிறந்து வளரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மங்கு என்றால் என்ன? அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலும் மலாயிலும் மாயக்கதை படிக்கிறது, சூனியக்காரச் சிறுமியின் படம் பார்க்கிறது. தமிழிலும் மலேசியாவில் கே. பாலமுருகன் போன்றவர்கள் சிறுவர்களுக்கென்று மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக, பிள்ளைகள் மாயத்தை விரும்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார் என்று கேட்டால்தான் அந்தப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது.

பேரா மண்ணை மாயக்கதைக்குள் கொண்டுபோன ஒரு நாவல் 2019இல் உலகம் முழுவதும் பேசப்பட்டது. மலேசியச் சீனரான யாங்ஸி சூ எழுதிய ‘தி நைட் டைகர்’. 1931ஆம் ஆண்டின் ஈப்போவும் பத்து காஜாவும் அதில் களம். இறந்துபோன எசமானரின் வெட்டுண்ட விரலை 49 நாளுக்குள் தேடிப் பிடித்து அவருடைய உடலோடு சேர்க்க வேண்டிய பதினொரு வயது வேலைக்காரப் பையன், அம்மாவின் சூதாட்டக் கடனை அடைக்க நடனக் கூடத்தில் வேலை செய்யும் பெண், மனிதராக உருமாறும் புலி. இதமான கதை அல்ல, மரணம் மலிந்த கதை. ஆனால் பையனுக்கும் பெண்ணுக்கும் முன்கதை எவ்வளவு அளவாக வந்து சேர்கிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே நாவலில் ரப்பர் தோட்டத்தில் பிணமாகக் கிடைக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணும் வருகிறாள். பிணம் தன் கதையைத் தானே சொல்லாது. அது அந்த எழுத்தாளரின் குற்றமில்லை. அவர் எழுத வந்தது வேறு குடும்பத்தின் கதை. அந்தப் பெண்ணின் முன்கதையை எழுத வேண்டியவர்கள் இன்னும் பேனாவை எடுக்கவில்லை என்பதே விஷயம்.

கோபுரத்தில் ஒரு துரை

எப்படி எழுதுவது என்பதற்குப் பத்து காஜாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை அங்கே பாதியில் நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனார், மாளிகை முடியவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்குச் சுரங்கப் பாதைக் கதையும் ஆவிக் கதையும் சொல்லப்படுகின்றன. கேட்கச் சுவாரசியமாக இருக்கும், வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும்.

சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் மேல்தளத்தில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைக்கார உடையில் ஒரு மனிதர் நிற்கிறார். பார்க்கிற எந்தப் பிள்ளையும் கேட்கும்: சாமிகளுக்கு நடுவில் இந்தத் துரைக்கு என்ன வேலை? அப்போது சொல்லலாம். மாளிகை கட்டத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். முதல் உலகப் போரை ஒட்டி உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சல் அவர்களையும் விடவில்லை, பலர் மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரை சம்மதித்தார். அவர்கள் அவரையும் மேலே நிறுத்தி வைத்தார்கள்.

நாலே வரி. ஆனால் அந்த நாலு வரிக்குள் கப்பல் இருக்கிறது, சாவு இருக்கிறது, பயம் இருக்கிறது, நன்றி இருக்கிறது. செத்தவர்களின் பெயர் ஒன்றும் அங்கே மேலே இல்லை என்ற கேள்வியும் இருக்கிறது. கண்ணில் படும் ஒரு தடம், அதைக் கண்டு எழும் ஒரு கேள்வி, பிறகு அளவான பதில். மாளிகையின் ஆவிக் கதைகளைவிட இந்தச் சிலை மனத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

புந்தோங் கடலைக் கடை

ஒரு கற்பனைக்கு வருவோம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரம் தலைமுறையாக நடக்கிறது. கடலை, முறுக்கு, ஓமப்பொடி வாசம் வீசும் அந்தத் தெருவைவிட இதமான மாய நாவலுக்குப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? அங்கே ஒரு பாட்டி கடை வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதைத் தாண்டியவள். அவள் சுருட்டித் தரும் காகிதப் பொட்டலத்தில் கடலையைத் தின்று முடித்தால், வாங்கியவர் மறந்துபோன ஒரு விஷயம் உள்ளே எழுதியிருக்கும். தொலைந்த சாவி இருக்கும் இடம், பள்ளித் தோழியின் பெயர், அம்மா பாடிய தாலாட்டின் இரண்டாவது வரி. யாருக்கும் உயிராபத்து இல்லை. படிக்க இனிமையாக இருக்கும்.

இதை மூன்று விதமாக எழுதலாம். முதல் விதத்தில் பாட்டிக்கு முன்கதையே இல்லை. பொட்டலம் வருகிறது, சனங்கள் மகிழ்கிறார்கள், புத்தகம் முடிகிறது. புந்தோங் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் கதை மாறாது.

இரண்டாவது விதத்தில் பாட்டி கடலை வறுப்பதற்கு முன்பே ஐம்பது பக்கம் அவளுடைய வரலாறு. கப்பல், காய்ச்சல், கங்காணி, ஜப்பான்காரன் காலம், 1948இல் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் சுடப்பட்டு நாடே அவசரகாலத்துக்குள் போனது, எல்லாம். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் கடலை வாங்க வந்த வாசகரை ரயிலில் ஏற்றி அனுப்பிய கதையாகிவிடும். அந்த வரலாற்றை நேருக்கு நேர் எழுத வேறு நாவல்கள் உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதை போட, மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டதை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும் எழுதியிருக்கிறார்கள். கடலைக் கடைக் கதை அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது விதத்தில் பாட்டிக்கு ஒரே ஒரு பழக்கம். ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டித் தருகிறவள் தனக்கென்று ஒரு பொட்டலத்தைப் பிரித்ததே இல்லை. கடலையைக் கிண்ணத்தில் போட்டுத்தான் தின்பாள். யாரும் கவனிக்கவில்லை, கடைக்கு உதவிக்கு வரும் பேத்தி கவனிக்கிறாள். பாதிப் புத்தகம் போன பிறகு ஒரு மழை நாளில் கேட்கிறாள்: “ஏன் பாட்டி, உங்களுக்கு மறந்துபோனது ஒண்ணுமே இல்லையா?” பாட்டி அடுப்பைத் தணித்துவிட்டுச் சொல்கிறாள். நாலு வயதில் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. முகம் நினைவில்லை. படம் இல்லை. பொட்டலத்தைப் பிரித்து, தாள் வெறுமையாக இருந்துவிட்டால் அந்த முகம் எங்குமே இல்லை என்றாகிவிடுமே, அந்தப் பயம்தான்.

ஒரு பக்கத்துக்கு மேல் இது போகாது. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பிறகு ‘பாட்டி ஒரு பொட்டலத்தைப் பிரிப்பாளா?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. உலகம் அழியப் போவதில்லை. ஒரு கிழவி ஒரு காகிதத்தைப் பிரிக்க வேண்டும், அவ்வளவே. வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். இதமும் கெடவில்லை, வரலாறும் வந்துவிட்டது, புந்தோங்கை வேறு ஊராக மாற்றவும் முடியாது.

சோகம் மட்டுமே முன்கதையா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தோட்டம் என்றாலே கண்ணீர் என்று எழுதிப் பழகிவிட்டது. கஷ்டம் இருந்தது உண்மை. அதே தோட்டத்தில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் பார்த்த இரவுகளும் இருந்தன, திருவிழா நாடகம் இருந்தது, பந்து விளையாட்டு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கைத்தொழில் அறிவு இருந்தது. விடியும் முன்பே, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்று தெரிந்தவர்கள். மரத்தின் உள்தண்டில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவத் தெரிந்தவர்கள். அந்தக் கை இன்று தாமான் வீட்டில் மாம்பழத் தோலை ஒரே சுருளாகச் சீவுகிறது என்று ஒரு வரி எழுதினால் அதுவும் முன்கதைதான். மகிழ்ச்சிக்கும் திறமைக்கும் ஒரு நேற்று உண்டு. இதமான நாவலுக்கு அந்த நேற்று இன்னும் பொருத்தமானது.

அதேபோல, எல்லாப் பாத்திரங்களுக்கும் முன்கதை வேண்டும் என்பதில்லை. கடலை வாங்கிக்கொண்டு போகிறவர் போகட்டும். ஜப்பானிய எழுத்தாளர் தொஷிகாசு கவாகுச்சி 2015இல் எழுதிய நாவலில், தோக்கியோவின் ஒரு காப்பிக் கடையில் குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். ஆனால் காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். போய் வந்தாலும் நடந்தது எதுவும் மாறாது. அந்தக் கதையில் முன்கதையே கதை. ஆனாலும் நாற்காலிக்கு வருகிறவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். காப்பி ஆறும் நேரம்தான் அளவு. எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கெடிகாரம் கிடைக்காது.

ஆகவே, இந்தக் கருத்தரங்கின் கேள்விக்குப் பதில் இதுதான். இதமான மாய நாவல்களுக்கு முன்கதை கட்டாயம் வேண்டும், நிறைய வேண்டியதில்லை. வாசகர் மனத்தில் கேள்வி முளைத்த பிறகு சொல்லப்பட வேண்டும். பாத்திரம் இன்று செய்கிற ஒரு காரியத்தை அது மாற்ற வேண்டும். மாற்றாத முன்கதை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். எழுதுகிறவருக்கு ஐம்பது பக்கம் தெரிந்திருக்க வேண்டும், வாசகருக்கு ஒரு பக்கம் போதும். எழுதுகிறவருக்கே ஒரு பக்கம்தான் தெரியும் என்றால், அந்த ஒரு பக்கமும் பொய்யாகத்தான் ஒலிக்கும்.

அந்த ஐம்பது பக்கம் நூலகத்தில் முழுதாகக் கிடைக்காது. ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வீடுகளின் முன்வாசலில் சாய்வு நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கிறது. அதிகாலையில் எழ வேண்டிய வேலை எதுவும் இல்லாத பிறகும் நாலு மணிக்கு விழித்துக்கொள்கிறது. கேட்காததால் சொல்லாமல் இருக்கிறது. சில சமயம் வலிப்பதால் சொல்லாமல் இருக்கிறது. வலிக்கிற இடத்தில் கட்டாயப்படுத்தக் கூடாது. காயசண்டிகைக்குச் செய்த மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து முதலில் ஒரு வாய் சாப்பிடலாம், ஒரு காப்பி குடிக்கலாம். பிறகு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கலாம். மாயக்கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கேட்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறது.